பத்தொன்பது கொடிகளும் பலகையம்மாவும்

தாவரப் பூங்காவில் அவளைப் பலகையம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் கொடிக்கும் முன்னால் தொங்கும் தகரப் பலகையில் பெயர் எழுதுவது அவள் வேலை. பதினான்கு வருஷமாக எழுதுகிறாள். வாயில் நுழையாத லத்தீன் பெயர்களைக்கூட ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிவிடுவாள். எழுதியதைக் கொண்டுபோய் மாட்டுவது வேறு ஆட்கள். பலகைக்குப் பின்னால் இருப்பது மரமா கொடியா என்று அவள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறாரா என்று திருப்பிக் கேட்பாள்.

அந்த வருஷம், செடிகள் வளர்க்கும் கண்ணாடிக்கூடத்தின் இரும்புத் தூண்களுக்கு வர்ணம் அடிக்க ஆட்கள் வந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பேஷன் பழக் குடும்பத்துக் கொடிகள் படர்ந்திருந்தன. பலகைகளில் வர்ணம் சிந்திவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், அங்கிருந்த பத்தொன்பதையும் கழற்றி ஒரே சாக்கில் போட்டு மூலையில் வைத்துவிட்டார்கள். எது எங்கே தொங்கியது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. கொடிகளை அறிந்த ஒரே ஆள் பூங்காவின் ஆராய்ச்சியாளர். காய்ச்சலுக்கு ஓர் ஊசி போடத் தெரியாவிட்டாலும் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மாதான். அவரோ மூன்று மாத ஆய்வுக்காக, போன் எட்டாத மலைக்காட்டுக்குப் போயிருந்தார்.

மேலாளர் சாக்கைத் தூக்கிக்கொண்டு பலகையம்மாவின் கொட்டகைக்கே வந்தார். எழுதினவளுக்குத் தெரியாமலா போகும் என்பது அவர் நினைப்பு.

"எனக்கு எழுத்துத்தான் சார் தெரியும். செடி தெரியாது" என்றாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அவர் காகிதக் கோப்பு ஒன்றை மேஜைமேல் வைத்தார். ஒவ்வொரு கொடிக்கும் அதில் ஒரு தாள். தண்டு, இலை, காம்பு, பூ எப்படி இருக்கும் என்று டாக்டரம்மா எழுதியிருந்தார். மாசக் கடைசிக்குள் மாட்டினால் போதும் என்று சொல்லிவிட்டு மேலாளர் நழுவிவிட்டார்.

மறுநாள் காலையில் கோப்பும் சாக்குமாகக் கூடத்துக்குள் நுழைந்தாள். ஒரு கொடிகூடப் பூத்திருக்கவில்லை. சரி, இலையை வைத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தாள். ஒன்று திராட்சை இலைபோல இருந்தது. ஒன்று சிறகை விரித்த வௌவாலேதான். இன்னொன்று விரித்த கை. மத்தியானத்துக்குள் பதினொரு பலகைகளை மாட்டியாயிற்று, இவ்வளவுதானா என்றிருந்தது.

பன்னிரண்டாவதில் மாட்டிக்கொண்டாள். அந்தக் கொடியின் அடியில் இலைகள் பிளவே இல்லாமல் முழுசாக இருந்தன. நடுவில் மூன்றாகப் பிளந்திருந்தன. உச்சியில் ஐந்து. ஒரே தண்டுதானா என்று விரலால் தடவிக்கொண்டே கீழிருந்து மேல்வரை போய்ப் பார்த்தாள். ஒரே தண்டுதான். மாட்டிய பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்பச் சாக்கில் போட்டாள்.

அவள் வீட்டுக்காரருக்குக் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் வேலை. சாயங்காலம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் தன் பூதக்கண்ணாடிகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"முகத்தைப் பாத்து ஏமாறாத. ரெண்டு வாட்சு வெளியில ஒண்ணு மாதிரியே இருக்கும், பின்மூடியத் திறந்தாத்தான் தெரியும்."

அடுத்த நாள் கண்ணாடியோடு போனவள் சாப்பாட்டையே மறந்துபோனாள். இலைக்காம்பில் கடுகைவிடச் சின்னதாகச் சுரப்பிகள் இருந்தன. ஒரு கொடியில் இரண்டு, ஒன்றில் நான்கு, இன்னொன்றில் ஜோடி ஜோடியாக ஆறு. சில கிண்ணம்போலக் குழிந்திருந்தன. சில ஆணித் தலைபோல எழும்பி நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு துளி இனிப்பு. எறும்புகள் வரிசையில் வந்து குடித்துவிட்டு, இலையைக் கடிக்க வந்த புழுவை விரட்டின. தண்டிலும் அப்படித்தான். ஒன்று உருண்டை. ஒன்று தக்கைபோல வெடித்திருந்தது. இரண்டு நாற்சதுரமாக, விளிம்புகளில் காகிதம் ஒட்டியதுபோல் சிறகோடு இருந்தன.

ஒரு கொடியின் தளிரில் மஞ்சளாகச் சில முட்டைகள் தெரிந்தன. பட்டாம்பூச்சி இட்டவை என்று நினைத்துத் துடைத்துவிடப் பார்த்தாள். வரவில்லை. கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அவை இலையிலேயே முளைத்தவை. கோப்பைப் புரட்டினாள். ஏற்கெனவே முட்டை இருக்கும் இடத்தில் பட்டாம்பூச்சி முட்டையிடாது. அதனால் கொடியே பொய்முட்டை செய்துவைத்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தது.

பலகையம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணே இல்லாத கொடி, பட்டாம்பூச்சியின் கண்ணுக்கு எது எப்படித் தெரியும் என்று எங்கே போய்க் கற்றுக்கொண்டது? பதினான்கு வருஷமாக இதற்கு ஐம்பதடி தள்ளி உட்கார்ந்துதானே வர்ணம் குழைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வார விடுமுறையில் வீட்டுக்காரரையும் கூட்டிவந்தாள். அன்றைக்குத்தான் ஒரு கொடி முதல் பூ விட்டிருந்தது. உள்ளும் வெளியுமாக இரண்டு வட்டத்தில் வெளுத்த இதழ்கள் பத்து, அவற்றின்மேல் ஊதா இழைகள் வட்டமாக, நடுவில் ஒரு தூண், தூணின் தலையில் மகரந்தப் பைகள் ஐந்து, அதற்கும் மேலே கடிகார முள்போல மூன்று சூல்முடிகள். தோட்டக்காரர்கள் அதைக் கடிகாரப் பூ என்பார்கள். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"இதைப் பிரிச்சா, என்னால திரும்பச் சேக்க முடியாது" என்றார். 

மாசக் கடைசியில் பத்தொன்பது பலகைகளும் தொங்கின. மேலாளர் எங்கேயோ தேடியெடுத்த கூடத்தின் பழைய புகைப்படம் ஒன்றோடு வந்தார். சதுரத் தண்டுக் கொடிகள் இரண்டு உண்டு; படத்தில் அவற்றின் பலகைகள் இடம் மாறி இருந்தன. அவள் இரண்டிலும் நாற்பது நாற்பது இலைகளை எண்ணிப் பார்த்திருந்தாள். ஒன்றின் காம்பில் ஆறு சுரப்பிகள், மற்றதில் நான்கு. கோப்பு சொன்னபடிதான் மாட்டியிருந்தாள்.

"போட்டோ பொய் சொல்லல சார். அப்ப தொங்கின பலகைதான் பொய் சொல்லுச்சு."

டாக்டரம்மா வரட்டும் என்று மேலாளர் விட்டுவிட்டார்.

டாக்டரம்மா வந்ததும் வராததுமாகக் கூடத்துக்குள் போனார். பலகையம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள். சதுரத் தண்டுக் கொடிகளிடம் அவர் நின்றார். காம்பைத் திருப்பிப் பார்த்தார், காம்பின் அடியில் இருந்த சிறு செதில்களைப் பார்த்தார், மறுபடியும் காம்பைப் பார்த்தார்.

"உள்ள வாங்க. பன்னெண்டு வருஷமா தினம் இந்த வழியாத்தான் போறேன். ஒரு நாள்கூட எண்ணிப் பாக்கல."

வேறு இரண்டு பலகைகளில் மட்டும் தப்பு இருப்பதுபோலத் தெரிந்தது. கடைசியில் இருந்த இளம்கொடிகள் இரண்டையும் அவள் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம். டாக்டரம்மாவே, பூத்தால்தான் அடித்துச் சொல்ல முடியும் என்று அந்தப் பலகைகளைக் கழற்றி வைத்தார்.

அன்றிலிருந்து செடியைப் பார்க்காமல் பலகையம்மா ஒரு பெயரையும் எழுதுவதில்லை. வேலை பாதியாகக் குறைந்துவிட்டது என்று மேலாளர் முணுமுணுக்கிறார். டாக்டரம்மா காதில் போட்டுக்கொள்வதில்லை.

எட்டு மாதம் கழித்து அந்த இளம்கொடிகளில் ஒன்று பூத்தது. பச்சை நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. நல்லவேளையாக அன்று காலை அந்தப் பக்கம் போயிருந்தாள். குனிந்து பார்த்தாள். இழைவட்டம் இருந்தது. தூண் இருந்தது. மகரந்தப் பை ஐந்தும் இருந்தன, முள் மூன்றும் இருந்தன. உள்வட்டத்து இதழ்கள் மட்டும் இல்லை. அவ்வளவு சின்ன இடத்திலும் மற்ற எதையும் விட்டுவிடாமல் வைத்திருந்தது.

யாரோ வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் காதில் விழவில்லை.