நான் கேட்காத இட்லி

எடை குறைக்கும் ஆபரேஷனுக்காக இன்று அமீர்பேட்டில் டாக்டரைப் பார்த்தோம். நான் நூற்றிருபது கிலோ. நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. வேறு வழி தெரியவில்லை.

எனக்குத் தெலுங்கு புரியும், பேசத்தான் வராது. தமிழில் எழுதிக்கொண்டுபோன கேள்விகளை நான் வாசிக்க, இங்கேயே படித்த மகள் தெலுங்கில் கேட்டாள்.

முதல் மூன்றும் ஒழுங்காகப் போயின. நாலாவது: “டேபிள்லயே உயிர் போயிடுமா? உங்ககிட்ட யாருக்காவது அப்படி ஆயிருக்கா?”

மகள் டாக்டர் பக்கம் திரும்பினாள். பிறகு, “டாக்டர்காரு, அம்மா இட்லி எப்புடு தினொச்சு அண்டோந்தி” என்றாள்.

எப்போது இட்லி சாப்பிடலாம் என்று நான் கேட்டேனாம்.

டாக்டர் சிரித்தார். ஒரு மாதம் ஆகுமாம்.

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் தலையாட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன். செய்துகொண்டவர்கள் யாராவது அந்த நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லுங்களேன். இட்லி விஷயம் தெரிந்துவிட்டது.