முன்னங்காலுக்குப் பின்னாலை

எனக்கு இப்ப எண்பத்தொரு வயசு. அஞ்சு பிள்ளையளை வளர்த்து ஆளாக்கினன். அதிலை கடைசி மகள்தான் துவக்கு எடுத்தவள். வேட்டைத் துவக்கு. இஞ்சை டென்மார்க்கிலை, ஒடென்சேயிலை வயசானாக்களைப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. கூட வேலை செய்யிற டெனிஷ் பெண்டுகளோடை சேர்ந்து வேட்டை பழகப் போனாள்.

இலங்கையிலை, எங்கடை ஊரிலை, சண்டை முடிஞ்ச வருசம் அது. என்ரை தங்கச்சி அங்கை அகதி முகாமுக்குள்ளை. போன் அடிச்சாலே என்ன செய்தியோ எண்டு ஓடுவன். அந்த நேரம் பாத்து இவள் வந்து, "அம்மா, துவக்கு வாங்கப்போறன்" எண்டு நிக்கிறாள்.

"வெடிச் சத்தத்துக்குத் தப்பி இவ்வளவு தூரம் வந்தது, நீ என்ரை குசினி அடுப்புக்குப் பக்கத்திலை துவக்கு வைக்கவோ?"

"குசினியிலை இல்லையம்மா. இரும்பு அலுமாரியிலை."

கடைசியிலை நான் ஒண்டு சொன்னன். முதல் மானைச் சுடேக்கை நானும் வருவன். அது காயத்தோடை அலைஞ்சு திரிஞ்சால், துவக்கு வீட்டை வரக்கூடாது. ஓம் எண்டாள்.

இரக்கத்திலைதான் பிழை விட்டாள். பெரிய தோட்டா எண்டால் மான் நோகாமல் சாகும் எண்டு நினைச்சு, வேட்டைக் கழகத்திலை இருந்த பெரிய துவக்கையே இரவல் வாங்கினாள். அது தோளிலை கழுதை மாதிரி உதைக்கும். உதைக்குப் பயந்து, விசையை இழுக்க முதலே கண்ணை இறுக்கி மூடிப்போடுவாள். பழகிற இடத்திலை நானும் நிண்டு பாத்தன்: குறிக்கு வைச்ச கடுதாசி மானுக்கு வயித்திலை ஒரு ஓட்டை, தொடையிலை ஒரு ஓட்டை. மிச்சம் பின்னாலை மண்மேட்டிலை.

"மண்மேடு செத்துப்போச்சுது பிள்ளை, வா போவம்" எண்டன்.

"பகிடி விடாதேங்கோ அம்மா!"

கழகத்திலை ஒரு வெள்ளைத்தாடிக்காரர். அவர் அந்தப் பெரிய துவக்கை வாங்கி வைச்சிட்டு, சின்னத் தோட்டா போடுற துவக்கைக் குடுத்தார். அவர் சொன்னதை மகள் எனக்குத் தமிழிலை சொன்னாள்: வயித்திலை பட்டால் எவ்வளவு பெரிய தோட்டாவும் மானை அலையவிடுமாம். முன்னங்காலுக்கு நேர் பின்னாலை, நுரையீரலிலை பட்டால் பெரிய மானுக்கும் இந்தச் சின்னத் தோட்டாவே காணுமாம். கோடை முழுக்க அதோடை பழகினாள். கண் மூடுற பழக்கம் விட்டுப்போச்சுது.

குளிர் தொடங்கேக்கை மகள், நான், தாடிக்காரர் மூண்டு பேரும் காட்டோரப் பரணிலை ஏறி இருந்தம். மாட்டளவு மான் ஒண்டு வந்து எங்களை நேராய்ப் பாத்துக்கொண்டு நிண்டுது. அவள் சுடேல்லை. அது பக்கவாட்டிலை திரும்பும்வரை பொறுத்தாள். பிறகு சுட்டாள்.

மான் ஓடிச்சுது.

"ஐயோ, காயத்தோடை ஓடுதடி!"

"பொறுங்கோ அம்மா" எண்டாள். அவளின்ரை முகமும் வெளிறித்தான் கிடந்தது. உடனை பின்னாலை கலைச்சுக்கொண்டு போகக்கூடாதாம், இன்னும் தூரம் ஓடிப்போடுமாம். தாடிக்காரர் பிளாஸ்கிலை தேத்தண்ணி ஊத்தித் தந்தார். நான் மான் போன பக்கமே பாத்துக்கொண்டிருந்தன்.

பிறகு இறங்கிப் போனம். இலையிலை நுரைச்ச ரத்தம். அதைக் கண்டதும் தாடிக்காரர் தலையாட்டிச் சிரிச்சார். நுரை எண்டால் நுரையீரலிலை பட்டிருக்காம். கொஞ்சத் தூரத்திலை, மரத்தடியிலை மான் விழுந்து கிடந்தது. ஒரே ஓட்டை. முன்னங்காலுக்குப் பின்னாலை. ஓடி முடிய முதலே உயிர் போயிருக்கும்.

தாடிக்காரர் சின்னப் பச்சைக் கொப்பொண்டை முறிச்சு அதின்ரை வாய்க்குள்ளை வைச்சார். வேட்டைக்காரரின்ரை வழக்கமாம், மானுக்குக் கடைசிச் சாப்பாடாம். எங்கடை சனத்துக்கு அந்த வருசம் வாய்க்கரிசி போடக்கூட ஆளில்லை. நான் குனிஞ்சு, சரிஞ்ச கொப்பை நேராக்கி விட்டன்.

"ஓடினதுதானே அம்மா. துவக்கைத் திருப்பிக் குடுக்கவோ?"

"வேண்டாம். அலுமாரிக்கு நல்ல பூட்டாய்ப் போடு."

அந்த வருச நத்தார்ப் பண்டிகைக்கு, கிறிஸ்மசுக்கு, முதல் தங்கச்சி முகாமாலை வெளியிலை வந்திட்டாள். போனிலை மான்கறிக் கதையைத்தான் முதல் சொன்னன். சிரிச்சாள்.

இந்தா பேத்தி, உன்ரை அம்மாவின்ரை கதை. நீ வாசிக்கவெண்டு நான் எழுத்துக்கூட்டி எழுதினது. ஒருக்காப் பலத்து வாசி, கேப்பம்.