ஏழு வயதுக்கான அளவு

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்றால் கொஞ்சம் திமிர் இருக்கும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூரில் வெளிநாட்டு ஆர்டர்களுக்காகக் குழந்தைகள் உடுப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். துணியை மேஜையில் அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடு போட்டு மிஷினை ஓட்டினால், ஒரே வெட்டில் நூறு டவுசருக்கான துண்டுகள் விழும். எந்த வயதுக்கு இடுப்பு எவ்வளவு, தொடை எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று தாளைப் பார்க்காமல் சொல்வேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டதும் உண்டு.

வீடு சூலூரில், ஒரு தறிக்குடோனுக்குப் பின்னால். காலை ஆறேகால் பஸ்ஸைப் பிடிப்பேன். திரும்பி வரும்போது மகன் தூங்கியிருப்பான். சரக்கு கப்பலேறும் ஷிப்மெண்ட் நாள் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. பெற்ற பிள்ளையைப் பெரும்பாலும் போர்வைக்குள் இருக்கும்போதுதான் பார்த்தேன். அதை அப்போது ஒரு குறையாக நினைக்கவில்லை. உழைக்கிற அப்பன் அப்படித்தான் இருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவன் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சனிக்கிழமை ஆழியார் அணைக்கு டூர் போவதாக ஏற்பாடு. அன்றைக்கு யூனிபார்ம் வேண்டாம், கலர் டிரஸ் போட்டு வரலாம். அவனுக்கு ஜீன்ஸில் அரை டவுசர் வேண்டுமாம், பின்பாக்கெட் கட்டாயம் இருக்கவேண்டுமாம். இந்த மனு அவன் அம்மா வழியாகத்தான் என்னிடம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு நான் வாங்கிய ஜீன்ஸ் பேண்ட் ஒன்று முழங்காலில் நைந்துபோய்ப் பெட்டியில் கிடந்தது. அதிலேயே வெட்டித் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். எங்கப்பா வெட்டித் தரப்போறாரு என்று அவன் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்கிறான். மனைவி அதைச் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டூருக்கு மூன்று நாள் இருக்கும்போது, சாயப்பட்டறையிலிருந்து துணி வந்து சேரவில்லை என்று மதியமே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவன் வருவதற்குள் முடித்து அசத்திவிடவேண்டும் என்று பேண்ட்டை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தேன். ஜீன்ஸ் தையல் லேசில் விட்டுக்கொடுக்காது. பிளேடால் நூல் நூலாக அறுத்து, இரண்டு கால்களையும் விரித்து, தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். வெளியே எல்லாம் வெளுத்திருந்தாலும் மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றைய நீலத்தில் இருந்தது.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அவன் பள்ளிக்கூட டவுசரு கொடியில காயுது. எடுத்தாரட்டுங்களா? அதை வெச்சு அளவு பாத்து வெட்டிப்போடலாமுங்க."

"எதுக்கு? ஏழு வயசுக்கு என்ன அளவுன்னு எனக்குத் தெரியாதா?"

"இல்லீங்க, நாலு மணிக்கு அவனே வந்துருவான். ஒருக்கா டேப் புடிச்சுப் பாத்துட்டு..."

"அம்மணி, வருசத்துக்கு எத்தனை ஆயிரம் ஏழு வயசு டவுசரு வெட்டறேன்னு தெரியுமா உனக்கு? நீ போய் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடு."

அவள் போய் எண்ணெய் விட்டாள். நான் தலையில் இருந்த அளவுப்படி சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினேன். ஒரு இடத்தில்கூட நின்று யோசிக்கவில்லை. அவள் மிதித்துத் தைத்தாள். தடித்த துணியில் இரண்டு ஊசி உடைந்தது. பின்பாக்கெட்டைச் சின்னதாக்கி வைத்து, இடுப்புக்குப் பட்டி போட்டு, பித்தளைப் பட்டனையும் ஜிப்பையும் பழையதிலிருந்தே எடுத்துப் பொருத்தி முடிக்கவும் மணி நாலு அடிக்கவும் சரியாக இருந்தது.

பையன் வாசலுக்கு வந்ததும் என்னைப் பார்த்து அப்படியே நின்றான். "உடம்பு சரியில்லீங்களாப்பா?" என்று கேட்டான். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்க வேறு காரணம் அவனுக்குத் தோன்றவில்லை.

டவுசரைக் கொடுத்தேன். போட்டான். பட்டனை மாட்டிக் கையை எடுத்ததும் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. இழுத்துப் பிடித்தான். டவுசரின் கால் அவன் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. உள்ளே இன்னொரு பிள்ளை நுழையலாம் போல இருந்தது. அவன் அழவில்லை. ஒரு கையால் இடுப்பை மூட்டையாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் பின்பாக்கெட்டைத் தடவிப் பார்த்தான்.

"நல்லாருக்குதுங்கப்பா. பெல்ட் போட்டுக்கறனுங்க."

அந்த மரியாதை என்னைச் சுட்டது. சுட்ட வேகத்தில் மனைவி மேல் பாய்ந்தேன். "புள்ளைக்குச் சோறு போடறயா இல்லையா? இப்படியா நோஞ்சானா வெச்சிருப்பே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "அவன் கிளாஸ்ல அவந்தானுங்க நெட்டை. நல்லாத்தான் திங்கறான். நீங்க மனசுல வெச்சு வெட்டுனது எந்த ஊருப் புள்ளைங்க?"

எந்த நாடு என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. நான் முகமே பார்க்காத ஏதோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் இடுப்பும் தொடையும் எனக்கு அரை இஞ்ச் பிசகாமல் மனப்பாடம். ஏழு வருடம் ஒரே கூரைக்கடியில் இருந்தவனின் அளவு தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, பயமாக இருந்தது.

தைத்ததை முழுவதும் பிரித்தேன். டேப்பை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் மண்டியிட்டேன். இடுப்பைச் சுற்றும்போது கூச்சத்தில் நெளிந்து சிரித்தான், விழாமல் இருக்க என் தலைமேல் கையை ஊன்றிக்கொண்டான். சின்னச் சூடான கை. டேப்பில் அளவைப் பார்க்க மறந்துவிட்டேன், மறுபடி சுற்றிப் பிடித்தேன். நீளம் பார்க்கக் கீழே வந்தபோது இடது முழங்காலில் ஒரு தழும்பு தெரிந்தது.

"இது எப்பக் கண்ணு?"

"தீவாளிக்கு முன்னாடிங்கப்பா. சைக்கிள்ல இருந்து உழுந்துட்டேன். ஆஸ்பத்திரில கட்டுப் போட்டாங்க. நீங்க அப்ப ஷிப்மெண்டுங்க."

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். மனைவியும் அப்போதே சொல்லியிருப்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டியிருப்பேன். எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

விளக்கு வைப்பதற்குள் டவுசர் அளவாக வந்துவிட்டது. அவன் பின்பாக்கெட்டில் இரண்டு விரலை விட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அங்கும் இங்கும் நடந்தான். பிறகு என்னிடம் வந்து நின்றான்.

"அடுத்த வருசம் நான் வளந்துருவேனுங்கப்பா. அப்பவும் நீங்களே அளவெடுக்கோணும்."

"எடுக்கறேன் கண்ணு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்த வருடம் டூர் வந்தபோது எங்களுக்கு ஒரே மாதத்தில் இரண்டு ஷிப்மெண்ட். அளவை அவன் அம்மாதான் எடுத்தாள், ஒரு தாளில் எழுதி என் சட்டைப்பையில் வைத்து அனுப்பினாள். கட்டிங் மேஜையில் வைத்து அதைப் பிரித்துப் பார்த்தேன். இடுப்பு ஒரு இஞ்சும் நீளம் இரண்டு இஞ்சும் கூடியிருந்தது. அவன் வளர்ந்துவிட்டான் என்பது அந்தத் தாளைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.