சுடுதண்ணீர்க் குழாய்

எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவள் சலவை அக்கா. ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் படுக்கை விரிப்பு அலசியவள். பச்சைத்தண்ணீர் பட்டாலே விரல்கள் மரத்துப்போகும். அந்தக் கைக்காகத்தான் அவள் கணவர் மொட்டை மாடியில் சோலார் ஹீட்டரைத் தவணையில் வாங்கி வைத்தார். வைத்த கையோடு ஒரு சட்டமும் போட்டார்.

"கடைசித் தவணை கட்டுற வரைக்கும் இது கம்பெனிக்காரன் பொருள். ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? குழாயைத் திறக்காதே."

அப்படியும் ஒரு மனுஷன். பதினோரு தவணை பாக்கி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்புறம் அவளால் கட்ட முடியவில்லை. குழாயையும் திறக்கவில்லை.

வீட்டை விற்கும்போது தரகர் சொன்னார்: "ஹீட்டர் கடனை முடிச்சிடுங்கக்கா. இல்லேன்னா நாளைக்கு வாங்குறவங்க வாசல்ல கம்பெனிக்காரன் வந்து நிப்பான்."

"சரி" என்றாள். வந்த முன்பணத்தில் பதினோரு தவணையையும் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி வந்தாள். அன்று மதியமே பத்திரத்தில் கையெழுத்து. விரல் மடங்காததால் மெதுவாகப் போட்டாள்.

வீடு வாங்கிய பெண் சாவியைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள், "தண்ணி நல்லா சூடா வருமாக்கா?"

அக்கா கடிதத்தை அவளிடம் நீட்டினாள்.

"வரும்னுதான் அவர் சொன்னாரும்மா."