உண்டியலில் விழுந்த சாவி

வேதாசலம் அண்ணனிடம் போய் அவசரம் என்று சொன்னால், அவர் முதலில் டீ சொல்வார். உத்திரமேரூர் பஜாரில் சாவி தொலைத்தவர்களுக்கெல்லாம் அவர் கடைதான் கதி. விவசாயக் குடும்பம், நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்ள, இவர் பூட்டுகளோடு குடித்தனம் நடத்துகிறார். வெயில், கரண்ட் கட், பெண்டாட்டியின் ஏச்சு, எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். அப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரு காலையில் மாட்டிக்கொண்டோம்.

நான் தமிழ்ச்செல்வி. லோடு ஆட்டோவில் பால் கேன்களை ஏற்றிக் குளிரூட்டும் நிலையத்தில் சேர்ப்பது என் பிழைப்பு. அன்று வழியில் அம்மன் கோயிலில் இறங்கிக் கையிலிருந்த சில்லறையை உண்டியலில் போட்டேன். சில்லறையோடு ஆட்டோ சாவியும் உள்ளே போய்விட்டது! அதிகாரிகள் வந்து திறக்கும்வரை அது அம்மன் சொத்து என்று பூசாரி கையை விரித்துவிட்டார். வண்டி நிறையப் பால், வெயில் வேறு ஏறுகிறது. பால் திரிந்தால் ஊர்க்காரர்கள் நாளைக்கே வேறு வண்டி பார்த்துவிடுவார்கள்.

போன் செய்ததும் வேதாசலம் அண்ணன் பையோடு கோயில் வாசலுக்கே வந்தார். வந்தவர் வண்டியைத் தொடவில்லை.

"இன்னொரு சாவி இல்லியாம்மா?"

"கீது. எங்க அத்தை கைல. அவுங்கள கேக்கறதுக்கு இந்த லாக்க ஒடச்சே போட்டுடலாம்ணா."

"வண்டி யாரு பேர்ல கீது?"

"அவுங்க பேர்லதான்."

"அப்ப அவுங்க வாயால சொல்லட்டும். ஓனர் சொல்லாம நான் லாக்ல கை வைக்கறதில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பால் பூடும்ணா! பேஜார் பண்ணாத!" என்று கத்தினேன். அவர் எதிர்க் கடைப் பக்கம் திரும்பி, "ரெண்டு டீ" என்றார்.

என் மாமியார் முனியம்மாள் திருமுக்கூடலில் இருக்கிறார். தன் மகனுக்காக அவர் வாங்கிய வண்டி அது. மகன், அதாவது என் வீட்டுக்காரர், துபாய்க்குப் போனதும் நானே ஓட்டக் கிளம்பினேன். "பொம்பள ஓட்டறதுக்கா வண்டி வாங்கினேன்?" என்று தெருவே கேட்க அவர் கத்தினார். நானும் பதிலுக்குக் கத்திவிட்டு உத்திரமேரூரில் தனியாக வீடு பார்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

பால் கேன்களைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டேன்.

"அத்த..." என்று இழுத்தேன். அண்ணன் போனை வாங்கி விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார்.

"கயட்டு நைனா, மொதல்ல பால் போய்ச் சேரட்டும்," என்றார் மாமியார். பிறகு, "அவ நல்லா கீறாளா?" என்று கேட்டார்.

நான் திரும்பிக்கொண்டு கேன் மூடிகளை அழுத்தி மூடினேன்.

அதன் பிறகு அண்ணன் கை விளையாடியதைப் பார்க்க வேண்டுமே! பேட்டரி வயரைக் கழற்றினார். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு நட்டைத் தளர்த்தினார். கீறல் விழாமல் லாக்கை முழுசாக உருவி எடுத்தார். அதன் வயர்களை ஒரு சின்ன சுவிட்சில் இணைத்து, பேட்டரியை மாட்டினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. ட்ரில்லிங் மிஷினைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"புது லாக் போட்டுடுணா."

"ஸ்டாக் இல்லம்மா. பழசே நல்லாத்தான் கீது. அந்தச் சாவிய வாங்கினு வா, மாட்டித் தரேன்."

பால் கெடாமல் போய்ச் சேர்ந்தது. லாக்கை மடியில் வைத்துக்கொண்டு, மத்தியானம் திருமுக்கூடலுக்கு வண்டியை விட்டேன். மாமியார் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். பிரித்தால், காணிக்கைக் காசோடு என் ஆட்டோவின் இன்னொரு சாவி.

"ஒண்டியா ஓட்டிக்கினு திரியறா, நல்லபடியா வூடு வரணும்னு முடிஞ்சி வச்சேன்," என்றார்.

வெட்கமில்லாமல் அழுதேன். அவரே சாவியை லாக்கில் நுழைத்துத் திருப்பினார். அருமையாகத் திரும்பியது.

மறுநாள் லாக்கை மாட்ட இருவருமாகக் கடைக்குப் போனோம். அண்ணன் தலைக்கு மேல் புது லாக் செட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"இன்னாணா இதெல்லாம்?" என்று முறைத்தேன்.

"டீ சாப்புடறியாம்மா?" என்றார் அவர்.

வண்டியில் உட்கார்ந்திருந்த அத்தை எட்டிப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு சொல்லு நைனா," என்றார்.