அக்கா உடைத்த இரும்பு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் லாரித் தொழில் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். முன் பக்கங்களில் இரண்டு பேர் அக்காவைச் சாந்தமே உருவானவர் என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இருவருமே அக்காவிடம் அடி வாங்கியவர்கள். நானும் வாங்கியவன்தான், ஆனாலும் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. அக்கா கோபக்காரர். ஓங்கிய கையை அடிக்காமல் இறக்கமாட்டார். இந்தக் கட்டுரையை எழுதும்படி எனக்குக் கட்டளை இட்டுவிட்டுப் போனவரும் அவரே. கட்டளையின் காரணம் ஒரு பழைய பிரேக் டிரம். அதைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

பர்கூருக்கு அந்தப் பக்கம், பாறையும் முள்ளுமாகக் கிடந்த ஒரு சிற்றூரில் அக்கா பிறந்தார். எங்கள் அப்பா கல் உடைப்பவர். பத்து வயதிலேயே அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தார். கல்தூசி அப்பாவின் நெஞ்சைத் தின்று அவரைக் கொண்டுபோனபோது, அவருடைய சம்மட்டியை அக்கா எடுத்துக்கொண்டார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நான் படிப்பில் தேறவில்லை. அதற்காக வாங்கிய அடியின் தடம் இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அக்காவை மணந்துகொண்ட மாமா அவருக்கு நேர் எதிர். யாரையும் அதட்டத் தெரியாது. யுத்தகாலத்து லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, பர்கூர்க் கல்லைப் பெங்களூருக்கு ஏற்றிப் போவார். திரும்பும்போது இரும்புக் கம்பியோ சிமெண்டோ கிடைத்தால் ஏற்றிவருவார். ஓட்டக் கற்றுக்கொண்டு நானும் அவரோடு சேர்ந்தேன். ஒரே லாரியை வைத்துக் குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். ஸ்பிரிங் பட்டை உடையும். டயர் வெடிக்கும். கிளட்ச் தேயும். இன்றைக்கு வந்த வாடகையை நாளைக்கு சாமான் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். அக்காவின் வளையல்கள் இரண்டும் கியர் பெட்டியாக மாறி லாரிக்குள் போனது அப்படித்தான்.

அறுபதுகளின் கடைசி அது. பின்சக்கரத்தின் பிரேக் டிரம் தேய்ந்துவிட்டது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புக் கிண்ணம் அது. பிரேக்கை மிதித்தால் உள்ளேயிருக்கும் கட்டைகள் அதை அழுத்திப் பிடிக்கும், லாரி நிற்கும். மாமா என்னிடம் பணம் கொடுத்து, "சேலத்துக்குப் போயி புதுசா வாங்கிட்டு வா. லேட்டானாலும் பரவால்ல, லாரி நிக்கட்டும்" என்றார்.

நான் சேலம் போகவில்லை. குந்தாரப்பள்ளிச் சந்தையில் பழைய இரும்பு விற்பவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கறுப்புப் பெயிண்ட் அடித்த டிரம் ஒன்று கிடந்தது. உள்பக்கம் கடைசல் பிடித்துப் பளபளவென்று இருந்தது. புதிய டிரம்மில் கால்வாசி விலை. வாங்கி நானே மாட்டினேன். மாமாவிடம் சேலத்துச் சரக்கு என்றேன். அவர் என் பேச்சை நம்பினார். மிச்சப் பணத்தில் எனக்கு ஒரு டெரிலின் சட்டை தைத்துக்கொண்டேன். மீதி எப்படிப் போனது என்று எனக்கே நினைவில்லை.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மேலுமலை இறக்கத்தில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். லாரி நிறைய இரும்புக் கம்பி. உச்சி வெயில். பாதி இறக்கத்தில் பின்னாலிருந்து துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. மாமாவின் காலடியில் பிரேக் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. முன்னால் ஒரு மாட்டுவண்டி. அதில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

"குதிடா" என்றார் மாமா.

குதித்தேன். உருண்டேன். மாமா லாரியை மலைப்பக்கம் திருப்பிப் பாறையில் மோதினார். லாரி நின்றது, கம்பிகள் நிற்கவில்லை. கேபினின் முதுகைத் துளைத்துக்கொண்டு முன்கண்ணாடி வழியாக வெளியே வந்தன. நடுவில் மாமா இருந்தார். அந்த மாட்டுவண்டிக்காரரும் நானும் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி அவரை வெளியே எடுத்தோம். என் சட்டை முழுக்க அவருடைய ரத்தம். உடைந்த டிரம்மின் துண்டுகள் மேட்டில் சிதறிக் கிடந்தன.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அக்கா கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அந்தத் துண்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரிப் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பட்டறை பாய் ஒரு துண்டை எடுத்து விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"அக்கா, இது புதுசு இல்ல. வேற ஏதோ லாரில ஆவாதுன்னு கழட்டிப் போட்டது. கடைஞ்சு கடைஞ்சு தகடா ஆயிருக்குது. பெயிண்ட் அடிச்சு வித்துட்டான்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இதை யாரு வாங்கினது?"

"மாமாதான் வாங்கினாரு. சந்தையில."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். இறந்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறார் என்ற தைரியம். அக்கா பட்டறை வாசலில் கிடந்த சம்மட்டியை எடுத்து அந்தத் துண்டுகளைப் பொடிப் பொடியாக உடைத்தார். "அடப்பாவி மனுசா, ஒரு சாமான் வெலையில உசுர விட்டியே" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னார். ஒரு சில்லு தெறித்து அவர் கன்னத்தைக் கிழித்தது. துடைக்கவும் இல்லை.

லாரியை எடைக்குப் போட்டுவிடச் சொன்னார்கள் உறவினர்கள். அக்கா கேட்கவில்லை. தாலிச் சங்கிலியை விற்று லாரியைச் சரி செய்தார், என்னை ஓட்டச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் லாரிக்குப் பழைய சாமான் எதுவும் வாங்கியதில்லை. கழற்றிய சாமானை முழுதாக வெளியே விட்டதும் இல்லை. டிரம்மோ, ஸ்பிரிங் பட்டையோ, ஸ்டியரிங் ராடோ, கழற்றிய உடனே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சம்மட்டியால் அக்காவே உடைப்பார். உடைத்த துண்டுக்கு எடை விலைதான் கிடைக்கும். முழுசாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று பாய் தலையில் அடித்துக்கொள்வார். "இது இன்னொருத்தி தாலிய அறுக்கறதுக்கா?" என்பார் அக்கா. லாரி வருஷா வருஷம் புதிதாகிக்கொண்டே வந்தது, எங்கள் வீடு ஒழுகிக்கொண்டே இருந்தது. மற்ற லாரிக்காரர்கள் அவரைச் சம்மட்டியக்கா என்று கேலி செய்தார்கள். அவர் காதில் விழும்படி யாரும் சொன்னதில்லை.

இனி உங்களில் பலருக்குத் தெரிந்த கதைக்கு வருகிறேன். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லி என் தோளைத் தட்டாதவர் குறைவு. மறு வருஷம் பட்டறையில் ஒரு டிரம்மைக் கழற்றிப் போட்டிருந்தோம். அக்கா சம்மட்டியை எடுத்தார். அந்த நேரம் பழைய இரும்பு வாங்க வந்த ஒருவர் டிரம்மின் மேல் காலை வைத்து, "ஏமம்மா, ஒடைக்காதே. முழுசா குடு, நல்ல வெலை தர்றேன்" என்றார். நான் லாரிக்குப் பின்னால் நகர்ந்தேன். சந்தையில் எனக்கு டிரம் விற்றவர் அவர்.

"காலை எடு" என்றார் அக்கா. அவர் எடுக்கவில்லை. அக்கா சம்மட்டியை இறக்கினார். டிரம் பிளந்து, ஒரு துண்டு அந்த ஆளின் முழங்காலில் தெறித்தது. அவர் கத்திக்கொண்டே அக்காவின் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். அக்கா கீழே கிடந்தபடியே அவர் கையைக் கடித்தார். அப்போதுதான் அந்த ஆள் என்னைப் பார்த்தார்.

"ஓகோ, ஒடைக்கிறியா? உன் ஊட்டு ஆளு எங்கிட்ட வந்து..."

முடிக்க விடவில்லை. வீல் ஸ்பேனரால் அவர் வாயில் அடித்தேன். மூன்று பற்கள் மண்ணில் விழுந்தன. அவர் மறுபடி வாயைத் திறந்தபோது மறுபடி அடித்தேன். பாய் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்று கொலைகாரனாகியிருப்பேன். போலீசுக்குப் போகாமல் பாய் பேசி முடித்தார். சந்தையில் வாங்கிய டிரம் ஓர் உயிரைக் குடித்த கதையைப் பாய் சொல்லக் கேட்டதும், அது தன் சரக்குதான் என்று புரிந்துகொண்ட அந்த ஆள் அதன்பின் எங்கள் பக்கமே வரவில்லை.

அக்காவின் மேல் கை வைத்ததற்காகத் தம்பி அடித்தான் என்று ஊர் சொன்னது. அக்காவும் அப்படியே நினைத்தார். அன்று எனக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார். நான் அடித்தது அந்த வாயை மூடுவதற்காக.

பாவசங்கீர்த்தனத்தில், பங்குச் சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, இதைச் சொன்னேன். "அக்காவிடம் போய்ச் சொல்" என்றார் பங்குத்தந்தை. அதன்பின் பாவசங்கீர்த்தனத்துக்கு வேறு ஊர்க் கோயிலுக்குப் போகத் தொடங்கினேன். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் அக்கா மாமாவின் கல்லறைக்கு வெள்ளையடிப்பார், பூ வைப்பார், பிறகு திட்ட ஆரம்பிப்பார். "புதுசு வாங்கத் துப்பில்லாத மனுசன். கஞ்சப் பிசினாறி. என்னையும் பச்சப்புள்ளையையும் நடுத்தெருவுல வுட்டுட்டுப் போயிட்டியே." சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் பக்கத்தில் மெழுகுத்திரி பிடித்துக்கொண்டு நிற்பேன்.

போன வருஷம் அப்பாவுக்கு வந்த அதே நெஞ்சு நோய் அக்காவுக்கும் முற்றி, ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒரு காலை கஞ்சி கொடுக்கும்போது, "வர்ற கல்லறைத் திருநாளுக்கு நான் இருக்கமாட்டேன். அந்த ஆளைத் திட்ட ஆள் இல்லாம போயிடும்" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், சட்டை உட்பட.

கஞ்சிச் சொம்பால் என் நெற்றியில் அடித்தார். மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்த கைக்கு எங்கிருந்து அந்த வலு வந்ததோ தெரியவில்லை. புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"நாப்பத்தஞ்சு வருசமா அவரைத் திட்டிக்கினு நின்னனே. நீ பக்கத்துல மெழுகுத்திரி புடிச்சுக்கினு நின்னியேடா" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டார். "என்னை அவரு பக்கத்துல வெச்சதும், அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன். ஊருக்கு நீ சொல்லு. வாயால சொன்னா பாதியை முழுங்கிடுவ. அச்சடிச்சுக் குடு." அதற்குப் பிறகு எட்டு நாள்தான் இருந்தார்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அக்காவின் மகளிடம் காட்டினேன். அப்பாவின் முகம்கூட நினைவில்லாதவள் அவள். தாள்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் திருப்பிக் கொடுத்து, "அம்மா சொன்னாங்கன்னா போட்டுடுங்க" என்றாள். அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு நான் நன்றி சொல்லக்கூட அருகதை இல்லாதவன், ஆனாலும் சொல்கிறேன்.

மாமாவைக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து தூக்கிய, பெயர் தெரியாத மாட்டுவண்டிக்காரருக்கும், கடைசிவரை எங்கள் லாரியைப் பார்த்துக்கொண்ட பாயின் குடும்பத்தாருக்கும், கடைசி நேரத்தில் அக்காவுக்கு எண்ணெய் பூசி ஜெபித்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பங்குத்தந்தைக்கும், கல்லறைவரை நடந்து வந்த லாரிக்காரர்கள் அனைவருக்கும் நன்றி. என் புருவத்துக்குத் தையல் போட்ட செவிலியருக்கும் நன்றி. வழுக்கி விழுந்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய், மன்னிக்க வேண்டும்.

இன்று திருப்பலி முடிந்து கல்லறைக்கு வருபவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். மாமாவை இனி யாரும் கஞ்சர் என்று சொல்லிச் சிரிக்க வேண்டாம். அந்த டிரம்மை வாங்கியவன் நான். மாமா புதிது வாங்கத்தான் பணம் கொடுத்தார்.