பால் பாத்திரத்தில் வெந்த கத்திப்பிடி

பாலிஷைப் பற்றி முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடலாம். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்க மாட்டான். சம்பளம் வந்தால் நேராக வீட்டுக்கு வந்துவிடும். "நீங்க கொடுத்து வச்சவங்க" என்று யாராவது அவன் மனைவியிடம் சொன்னால், அவள் சமையலறைக்குள் போய், பால் பாத்திரத்தை எடுத்துவந்து அவர்கள் மூக்குக்கு நேராகக் காட்டுவாள்.

வெள்ளை எனாமல் பாத்திரம் அது. உள்பக்கம் மட்டும் பச்சை. இலைப் பச்சையாக இருந்தாலாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இது குட்டையில் தேங்கிய தண்ணீரின் பச்சை. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

நடந்தது இதுதான். பாலிஷ் ஒரு மடக்குக் கத்தி வாங்கினான். மலிவான கத்தி. செருப்பு வாங்குகிற காசில் இரண்டு வாங்கலாம். சட்டைப் பையில் அடங்கும். கட்டை விரலால் தள்ளினால் அலகு வெளியே வரும். பிடி சாம்பல் நிறப் பிளாஸ்டிக். வாங்கியதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவன் செல்போனில் ஒரு கூட்டம் இருக்கிறது, இதே பைத்தியம் பிடித்த கூட்டம். மலிவுக் கத்தியை வாங்கி, பிடியை மாற்றி, திருகாணியை மாற்றி, சாயம் ஏற்றி, படம் எடுத்துப் போட்டு ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்வார்கள். அதில் ஒரு மகராசன், பிளாஸ்டிக் பிடியைத் துணிச் சாயத்தில் போட்டு வேகவைத்தால் நிறம் ஏறும் என்று சொல்லிவிட்டான். பாலிஷ் கண்ணில் பட்ட பாத்திரத்தில் பச்சைச் சாயம் கரைத்து, கத்திப்பிடியைக் கொதிக்க வைத்து, கழுவினேன் என்று பேர் பண்ணி, அலமாரியில் திரும்பக் கவிழ்த்துவிட்டான்.

மறுநாள் விடியற்காலை இருட்டில் அவள் அதில்தான் பால் காய்ச்சினாள். மாமனாருக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, தன் டம்ளரில் பாதியைக் குடித்த பிறகுதான் வெளிச்சத்தில் பார்த்தாள். தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு கழுவுதொட்டிக்கு ஓடினாள்.

"துணிச் சாயம்தானே, விஷமா என்ன? நல்லாத்தான் கழுவினேன்" என்றான் பாலிஷ், பின்னால் நின்றுகொண்டு.

அந்தத் 'தானே'வைக் கேட்டதும் அவளுக்கு இன்னொரு தரம் வாந்தி வந்தது. மாமனார் தன் டம்ளரைக் காலி பண்ணிவிட்டிருந்தார். "பால் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துதும்மா. கேட்டா சங்கடப்படுவியேன்னு குடிச்சிட்டேன்" என்றார்.

பாலிஷ் என்ற பேரை அவனுக்கு வைத்தது கடைப் பையன்கள். குளியலறைச் சாமான் விற்கும் பெரிய கடையில் அவன் விற்பனையாளன். குழாய், வாஷ்பேசின், கைப்பிடி என்று கண்ணைப் பறிக்கும் கடை. ஒரு சுவர் முழுக்கத் தாழ்ப்பாள். பித்தளைத் தாழ்ப்பாள், வெள்ளியைப் போல மின்னும் தாழ்ப்பாள், ஒரு விரலால் தள்ளினால் சத்தமே வராமல் திறக்கும் தாழ்ப்பாள். வாடிக்கையாளர் வரும் வரைக்கும் அந்தச் சுவர்மேல் சாய்ந்துகொண்டு, மஞ்சள் துணியை எடுத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருப்பான். வந்தவரிடம், "வீட்டுல பெரியவங்க இருக்காங்களா சார்? அப்போ பாத்ரூம் தாழ்ப்பாள் விஷயத்துல கஞ்சத்தனம் பார்க்காதீங்க" என்பான். அதைச் சொல்லும்போது குரலில் அப்படி ஓர் அக்கறை வழியும்.

வீட்டில் அவன் பண்ணிய அசிங்கங்களைச் சொல்ல ஆரம்பித்தால் சாப்பிட்டது செரிக்காது. கத்தி கூராகிவிட்டதா என்று பார்க்க முன்கை முடியைச் சிரைப்பான். அதையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் சிரைப்பான். சாணைக்கல்லில் தண்ணீர் ஊற்றச் சோம்பல்பட்டு எச்சிலைத் துப்பித் தேய்ப்பான். அந்தக் கையாலேயே ரொட்டியைப் பிய்த்து, "நீயும் ஒரு வாய் சாப்பிடேன்" என்று நீட்டுவான். அலகுக்குப் பழங்காலக் கத்தியைப் போலக் கறுத்த நிறம் வரவேண்டும் என்று வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி, மேலே கடுகு அரைத்துப் பூசி, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவான். எறும்பு அரித்து, புளித்த வாடை வீடு முழுக்க அடிக்கும். முடி இல்லாத அவன் இடது கை அவளுக்குத் தோலுரித்த கோழியாகத் தெரிந்தது. படுக்கையில் அது மேலே பட்டால் நகர்ந்துகொள்வாள்.

இத்தனைக்கும் அந்தக் கத்தி ஒரு தக்காளியைக்கூட நறுக்கியதில்லை. கயிறு அறுக்கக் கேட்டால், "ஐயோ, அலகுல கோடு விழும்" என்பான். சமையலறைக் கத்தியோ தகரம் மாதிரி ஒன்று. பிடி ஆடும். அவள்தான் நூல் சுற்றி வைத்திருந்தாள். அவள் துணிக்கடையில் பேன்ட் உயரம் குறைத்துத் தைக்கும் வேலை பார்க்கிறவள். நூலுக்குப் பஞ்சமில்லை.

இதையெல்லாம் அவள் சகித்துக்கொண்டிருப்பாள். குளியலறைக் கொக்கியைத்தான் சகிக்க முடியவில்லை.

அவர்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் என்றைக்கோ பிடுங்கிக்கொண்டு விழுந்துவிட்டது. சாமானியக் கடையிலா வேலை பார்க்கிறான்? நல்லதாக ஒன்று கொண்டுவந்து மாட்டுகிறேன் என்று சொல்லி, அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு பழைய இரும்புக் கொக்கியை அடித்து வைத்தான். 'அதுவரைக்கும்' என்பது ஓடிக்கொண்டே இருந்தது. கதவு தண்ணீரில் ஊறி உப்பிப்போனதால் கொக்கி வளையத்துக்குள் இறுகிவிட்டது. மாமனார் குளித்து முடித்ததும் பிளாஸ்டிக் குவளையால் கொக்கியைக் கீழிருந்து தட்டித்தான் வெளியே வருவார். டொக், டொக், டொக். அந்தச் சத்தம் கேட்டால் பெரியவர் குளித்தாயிற்று, சாப்பாடு எடுத்து வைக்கலாம் என்று அர்த்தம்.

மாமனார் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். அகலமான கை. இப்போது அந்தக் கையில் பிடி இல்லை, முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. எதையும் வாய்விட்டுக் கேட்காத மனுஷன் ஒரு தடவை கேட்டார்.

"அந்தக் கொக்கி கொஞ்சம் இறுக்கமா இருக்குப்பா."

"ஞாயித்துக்கிழமை பார்த்துடுறேன்பா."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாலிஷ் பால்கனியில் துணி விரித்துக் கத்தியைக் கழற்றினான். கடுகளவு திருகாணிகளைக் காந்தத்தில் ஒட்டவைத்து, அலகு திரும்பும் இடத்துப் பித்தளை வளையத்தை இழைத்து இழைத்து, அலகு தானாகக் கீழே விழுகிற அளவுக்கு வழவழப்பாக்கினான். அடுத்த ஞாயிறு, கத்தியைச் சட்டைப் பையில் மாட்டும் கிளிப்பை மாற்றினான். அதற்கடுத்த ஞாயிறு பச்சைப் பிடியின் ஓரத்தை உருட்டினான்.

"ஏங்க, உள்ள விழுந்து கிழுந்து வச்சாருன்னா என்ன பண்றது? நான் ஒரு தச்சரைக் கூப்பிடுறேன்" என்றாள் அவள்.

பாலிஷுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் இந்தத் தொழில்லயே இருக்கேன். என் வீட்டுத் தாழ்ப்பாளை மாட்ட வெளியாள் வரணுமா? தெரிஞ்சா கடையில சிரிக்க மாட்டாங்களா?"

அவள் விட்டுவிட்டாள். அப்படி விட்டதை நினைத்துத்தான் பின்னால் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது அவளுக்கு.

அந்தக் காலையில் கத்தி முழுசாகத் தயாராகிவிட்டிருந்தது. அவள் தைக்க வாங்கி வைத்திருந்த புதுத் துணியைக் கேட்காமலே எடுத்து விரித்து, அதன்மேல் கத்தியைச் சாய்த்தும் மல்லாத்தியும் வைத்துப் பாலிஷ் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் அடுப்படியில் இருந்தாள். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று வாளி உருளும் சத்தம், கூடவே கனமாக ஏதோ விழும் சத்தம். அவள் அடுப்பை அணைத்துவிட்டு டொக் டொக்குக்காகக் காதைத் தீட்டினாள். வரவில்லை.

"மாமா! மாமா!"

"ஒண்ணுமில்லம்மா..." குரல் கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. "வழுக்கிட்டேன். எந்திரிக்க வரல."

கதவு உள்பக்கமாகத் திறக்கும். அவர் தலை கதவுக்குப் பக்கத்தில்தான் கிடக்க வேண்டும். உதைத்துத் திறந்தால் மண்டையில் அடிக்கும். உள்ளே குழாய் திறந்தே இருந்தது. கதவின் கீழே சோப்புத் தண்ணீர் வழிந்து அவள் பாதத்தை நனைத்தது. கொக்கியைத் தூக்கிவிட்டால் போதும், மெல்லத் தள்ளிக்கொள்ளலாம். அவள் ஓடிப்போய்ச் சமையலறைக் கத்தியை எடுத்துவந்து கதவிடுக்கில் நுழைத்து மேலே நெம்பினாள். தகரம் வளைந்தது. இன்னொரு தரம் நெம்பினாள். நூல் சுற்றிய பிடி அவள் கையோடு வந்தது, அலகு இடுக்கில் தொங்கியது.

பாலிஷ் பின்னால் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. அதை மறைப்பதற்கில்லை. அப்பா விழுந்துவிட்டார் என்பது அவனுக்கு உறைக்காமல் இல்லை.

"உங்க கத்தியைக் குடுங்க."

"அது... நுனி மெல்லிசு, ஒடிஞ்சிரும். இரு, ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வரேன்."

ஓடினான். இழுப்பறையை இழுத்துக் கவிழ்த்தான். எல்லாம் கத்தித் திருகாணிக்கு வாங்கிய ஊசி ஊசியான ஸ்க்ரூடிரைவர்கள். ஒன்றை எடுத்து நீட்டினான், காது குடையத்தான் ஆகும். திரும்ப ஓடி இன்னோர் இழுப்பறையைத் துழாவினான். சட்டைப் பையில் கத்தியின் கிளிப் பளபளத்தது.

"குளிருதும்மா" என்றார் உள்ளே பெரியவர். பிறகு, "அவனை அவசரப்படுத்தாதே, தேடட்டும்" என்றார்.

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. நேராகப் போய் அவன் சட்டைப் பையில் கையை விட்டாள். அவன் அனிச்சையாகப் பையைப் பொத்தினான். பொத்திய கையைத் தட்டிவிட்டுக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். தொட்டதும் அலகு வெண்ணெயாக வழுக்கி வெளியே வந்தது. அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இடுக்கில் நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுக்கப் பாரம் கொடுத்து மேலே நெம்பினாள். கொக்கி கிறீச்சிட்டது, நகர்ந்தது, விட்டது. கூடவே 'டிக்' என்று ஒரு சத்தம். நுனி ஒடிந்து கதவின் உள்பக்கம் விழுந்தது.

கதவை மெல்லத் தள்ளினாள். ஒரு சாண் திறந்து, பெரியவரின் தோளில் முட்டி நின்றது. அதற்குள் பாலிஷ் அவளை விலக்கிக்கொண்டு தரையில் குத்துக்கால் போட்டு, அந்த ஒரு சாண் இடைவெளியில் கையை உள்ளே விட்டான்.

அவன் தலைக்கு மேலாக அவள் எட்டிப் பார்த்தாள். சோப்பு நுரையில் ஒருக்களித்துக் கிடந்த பெரியவர், மகனின் கை வருவதைப் பார்த்தார். முகம் தெளிந்தது. ஈரத் தரையிலிருந்து தன் கையைத் தூக்கி அதைப் பிடிக்க நீட்டினார். மகனின் விரல்கள் அந்தக் கையைத் தாண்டிப் போய்த் தரையைத் துழாவின. நுரைக்குள்ளிருந்து ஒடிந்த நுனியைப் பொறுக்கின. வந்த வழியே வெளியே போய்விட்டன.

பெரியவரின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, வேறு எதற்கோ தூக்கிய மாதிரி, முகத்தை வழித்துக்கொண்டது. குழாயைப் பிடித்து அவரே உடம்பை இழுத்துக் கதவுக்கு வழிவிட்டார்.

அவள் நுழைந்து குழாயை மூடி, துண்டைச் சுற்றி, அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. முழங்கை சிராய்ந்திருந்தது, இடுப்பு கன்றிப்போயிருந்தது. அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது பாலிஷ் வாசலில் நின்று, கத்தியையும் நுனியையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான்.

"ஒட்ட வைக்க முடியாது. தேய்ச்சுப் புது நுனி எடுக்கலாம். நீளம்தான் குறைஞ்சிரும்" என்றான்.

சாயப் பால் குடித்த அன்றைக்குக்கூட அவளுக்கு இவ்வளவு அருவருக்கவில்லை. அன்றைக்காவது விரலை விட்டு எடுத்துவிட முடிந்தது. திரும்பிப் பார்த்து, "வெளிய போங்க" என்றாள். அவன் இரண்டையும் கையில் பிடித்தபடியே போனான்.

மறுநாள் சாயங்காலம் பாலிஷ் கடையிலிருந்து தாழ்ப்பாள் கொண்டுவந்தான். சுவரில் இருந்ததிலேயே ஒசத்தி. பெரியவர்கள் ஒரு விரலால் திறக்கிற ரகம். கதவின் ஓரத்தை இழைத்து, தாழ்ப்பாளைப் பொருத்தி, மஞ்சள் துணியால் துடைத்துத் துடைத்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கினான். அவள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடைக்குப் போனாள். புதுப் பால் பாத்திரம் வாங்கினாள். பச்சைப் பாத்திரத்தைத் தூக்கிப் போடவில்லை. காட்டுவதற்கு ஆள் வருவார்களே.

பெரியவர் அந்தத் தாழ்ப்பாளைப் போடுவதே இல்லை. கதவை லேசாகச் சாத்தி, பின்னால் வாளியை வைத்துவிட்டுக் குளிப்பார். உள்ளே ஆள் இருப்பது தெரிய அவ்வப்போது இருமுவார். இருமல் இல்லாத மனுஷன். பாலிஷ் சில நாள் பொறுத்துப் பார்த்தான். ஒரு காலையில், துண்டோடு போய்க்கொண்டிருந்தவரை நிறுத்திக் கேட்டேவிட்டான்.

"ஏம்பா, நல்ல தாழ்ப்பாள்தானே போட்டிருக்கேன்? ஒரு விரல்ல தொட்டாத் திறக்கும். போட்டுக்கக் கூடாதா?"

"நல்ல தாழ்ப்பாள்தாம்பா. கடையில சொல்லு, நல்லா இருக்குன்னு." பெரியவர் சர்க்கரை வேண்டாம் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். "ஆனா நான் உள்ள விழுந்துட்டா, மறுபடி உன் கத்தி ஒடிஞ்சிரும் பாரு."

சொல்லிவிட்டு உள்ளே போனார். பாலிஷ் மஞ்சள் துணியைக் கையில் பிடித்தபடி கதவுக்கு வெளியே நின்றான். தண்ணீர் விழ ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து இருமல் கேட்டது.